இல்லறமும் ஞாபகமும்

ஒரு காரியத்தைத் தானாகவே நினைத்துச் செய்கிறவனுக்கும், பிறரோ பிறிதொரு பொருளோ நினைவூட்டிய பிறகு செய்கிறவனுக்கும் தர்மத்தின் கணக்கில் வேற்றுமை உண்டா என்பது, பார்வைக்குச் சிறியதாகத் தோன்றினும், உள்ளே போகப் போக ஆழமாகிற கேள்வி. தந்தையின் திதியைக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அந்தக் காகிதம் கண்ணில் பட்ட பிறகே எள்ளும் தர்ப்பையும் வாங்கப் புறப்படுகிற மகனைக் கண்டு, பெற்றவரை நினைக்கக்கூட இவனுக்கு ஒரு காகிதம் வேண்டியிருக்கிறதே என்று பெரியவர்கள் சிலர் வருந்துவதுண்டு. அன்பு உள்ளிருந்து சுரக்க வேண்டியது, சுரக்காத இடத்தில் குறிப்பெழுதி வைப்பதால் ஆவதொன்றுமில்லை என்பது அவர்கள் கருத்து. அக்கருத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. ஏற்காததற்குரிய காரணங்களை, இன்று சில குடும்பங்களில் கையாளப்பட்டு வரும் கார்டுப் பெட்டி என்னும் எளிய சாதனத்தை முன்னிட்டு ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

கார்டுப் பெட்டி என்பது 3 அங்குல உயரமும் 5 அங்குல நீளமும் உள்ள கெட்டியான கார்டுகளை நிமிர்த்தி வரிசையாக அடுக்கிய ஒரு மரப்பெட்டியோ தகரப்பெட்டியோதான். நடுநடுவே தலைநீட்டி நிற்கும் தடுப்பு அட்டைகள் இன்னது இங்கே என்று காட்டும். கார்டு ஒன்றுக்குச் செய்தி ஒன்று என்பதே அதன் ஒரே விதி. புத்தகசாலைகளில் வளர்ந்த முறை இது. பிரான்ஸில் புரட்சி நடந்தபோது, மடாலயங்களிலிருந்து கைப்பற்றப்பட்ட நூல்களுக்கு 1791-ஆம் ஆண்டில் அட்டவணை எடுக்க முற்பட்டவர்கள், அந்நாளில் பின்புறம் வெறுமையாக இருந்த விளையாட்டுச் சீட்டுகளையே இதற்குப் பயன்படுத்தினார்கள். தாவரங்களுக்கெல்லாம் பெயரிட்டு வகைப்படுத்திய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸும் தம் பிற்காலத்தில் தனித்தனிச் சீட்டுகளில் குறிப்பெழுதி, அவற்றை வேண்டியபடி இடம் மாற்றிக்கொண்டார். நம் நாட்டில், சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதன், நூல்களைப் பகுத்து அடுக்கும் தொழிலை ஒரு சாஸ்திரமாகவே உயர்த்தினார். நோட்டுப்புத்தகம் எழுதப்பட்ட வரிசையிலேயே உறைந்துவிடுகிறது. கார்டோ வேண்டப்படும் வரிசைக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. இந்த ஒரு குணமே அதை இல்லறத்துக்கு உகந்ததாக்கிற்று.

வீட்டுப் பெட்டியில் இரண்டு பகுதிகள் இருக்கும். எது எங்கே, யாருக்கு எது என்பதைச் சொல்லும் கார்டுகள் ஒரு பகுதி: பத்திரங்கள் எந்த அலமாரியில், பாட்டிக்கு எந்த மருந்து ஒவ்வாது, மூக்குக் கண்ணாடியின் அளவு என்ன, மாவடு போடுவதற்கு உப்பு எவ்வளவு என்பன போன்றவை. எது எப்போது என்பதைச் சொல்லும் கார்டுகள் மற்றொரு பகுதி: வீட்டு வரி, இன்ஷூரன்ஸ் தவணை, மாசி பங்குனியில் வருஷத்துக்கு வேண்டிய புளி வாங்குவது, வெயில் முற்றுமுன் வடாம் இடுவது, கிணறு இறைப்பது. இவற்றுக்காக மாதங்களுக்குப் பன்னிரண்டு தடுப்புகளும் நாட்களுக்கு முப்பத்தொரு தடுப்புகளும் வைப்பது மேல்நாட்டார் வழக்கம். தமிழ் மாதத்தைக் கொண்டு நடத்துகிற குடும்பத்துக்கு அந்த முப்பத்தொன்று போதாது. மார்கழி இருபத்தொன்பதிலோ முப்பதிலோ முடிந்துவிட, ஆனி சில ஆண்டுகளில் முப்பத்திரண்டு நாள் நீள்வதால், முப்பத்திரண்டாவது தடுப்பு ஒன்று வேண்டியிருக்கிறது. பரிதியின் நடையில் உள்ள வேகமும் தாமதமும் இவ்வாறு ஒரு சமையலறைப் பெட்டிக்குள்ளும் வந்து இடம் பிடித்துக்கொள்கின்றன.

ஆயினும் பெட்டியில் தடுப்புகளுக்கு அடங்காமல் நிற்பவை திதிக் கார்டுகள்தாம். வரி கட்டும் நாள் ஆண்டுதோறும் ஒன்றே, திதி அப்படியன்று. சூரியனிடமிருந்து சந்திரன் பன்னிரண்டு பாகை விலகுகிற காலம் ஒரு திதி. அது ஒரு முறை பத்தொன்பது மணி நேரத்திலும் ஒரு முறை இருபத்தாறு மணி நேரத்திலும் முடியக்கூடும். பிதுர் காரியத்துக்கோ, பிற்பகலாகிய அபராஹ்ண வேளையில் அந்தத் திதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மாதத்தில் ஒரே திதி இரு முறை வந்தால் எதைக் கொள்வது என்ற கேள்வியும் உண்டு. ஆகையால் புதுப் பஞ்சாங்கம் வீட்டுக்கு வந்ததும், குடும்பத் தலைவர் ஒரு நாள் உட்கார்ந்து, மாதமும் பக்ஷமும் திதியும் எழுதிய கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இவ்வாண்டு அது எந்த நாளில் வருகிறதென்று பார்த்து, ஐயமுள்ளதை வாத்தியாரிடம் கேட்டு, உரிய இடத்தில் மீண்டும் வைக்க வேண்டியவராகிறார். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சந்ததி இல்லாமற்போன ஓர் அத்தை என்று ஒவ்வொருவர் பெயரும் அன்றைக்கு ஒரு முறை கையில் எடுக்கப்பட்டு, வாயால் படிக்கப்பட்டு, இடம் தரப்படுகிறது. இதை வெறும் அலுவலக வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திதியன்று நிகழ்வது சிராத்தமென்றால், பஞ்சாங்கத்தோடு கார்டுகளை ஒப்பிட்டு அடுக்கும் அந்த நாளில் நிகழ்வது அதற்குரிய சங்கல்பத்தின் முதற்படி என்றே கொள்ளத் தோன்றுகிறது.

குறிப்பு வைத்துக்கொள்வது பக்தியின்மையின் அடையாளம் என்பவர்கள், நம் சமயம் இவ்விஷயத்தில் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆண்டொன்றுக்குப் பிதுர் தர்ப்பணத்துக்குரியவை தொண்ணூற்றாறு என்று கணக்கிட்டு ஷண்ணவதி எனப் பெயரிட்டார்கள்: அமாவாசைகள் பன்னிரண்டு, மாதப்பிறப்புகள் பன்னிரண்டு, மஹாளயத்தில் பதினாறு, மன்வாதிகள் பதினான்கு, யுகாதிகள் நான்கு, அஷ்டகைகள் பன்னிரண்டு, வ்யதீபாதமும் வைத்ருதியும் பதின்மூன்று பதின்மூன்று. இத்தனையையும் எந்த மனிதனும் மனத்தில் வைத்துக்கொள்வான் என்று சாஸ்திரகாரர்கள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் பஞ்சாங்கம் என்ற ஒரு நூல் வீடுதோறும் வேண்டியிருந்திராது. இங்கே கருதத்தக்க ஒன்றுண்டு. வேதத்தை அவர்கள் ஏட்டை நம்பி விடவில்லை. பதம், கிரமம், ஜடை, கனம் என்று மாற்றி மாற்றி ஓதுவித்து, ஓர் எழுத்தும் ஒரு ஸ்வரமும் பிசகாதபடி உயிருள்ள நெஞ்சங்களிலேயே காத்தார்கள். அதே பெரியோர், நாளையும் திதியையும் ஒருகாலும் நெஞ்சை நம்பி விடவில்லை. கணித்து எழுதி வைத்தார்கள். எது மனிதனை உள்ளே மாற்ற வேண்டுமோ அது உள்ளே இருக்க வேண்டும், எது அவனை உரிய வேளையில் உரிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமோ அது வெளியே இருக்கலாம் என்ற பாகுபாடு அவர்களுக்குத் தெளிவாக இருந்திருக்கிறது.

இந்தப் பாகுபாட்டை மனத்தில் கொண்டால் யவன ஞானி பிளேட்டோ 'பீட்ரஸ்' என்ற சம்வாதத்தில் எழுப்பும் ஆட்சேபமும் தன் எல்லையில் நின்றுவிடுகிறது. எழுத்தைக் கண்டுபிடித்த எகிப்தியத் தெய்வமான தூத், அதை ஞாபகத்துக்கு மருந்தென்று புகழ்ந்து தாமுஸ் மன்னனிடம் கொண்டு போக, அம்மன்னன், வெளியே உள்ள குறிகளை நம்புகிறவர்கள் உள்ளே நினைப்பதை விட்டுவிடுவார்கள், ஆகவே இது மறதியைத்தான் வளர்க்கும், ஞானத்தின் தோற்றத்தைத் தருமேயன்றி ஞானத்தைத் தராது என்று மறுத்ததாகச் சாக்ரடீஸ் அங்கே சொல்கிறார். ஞானத்தைப் பற்றிய அளவில் மன்னன் சொன்னது பெரிதும் உண்மை. கீதையைக் கார்டில் எழுதிப் பெட்டியில் வைத்தவன் கீதையை அறிந்தவனாகிவிட மாட்டான். ஆனால் தாயின் இரத்த அழுத்த மாத்திரை தீரப் போகிறதென்ற செய்தி எவனையும் ஞானியாக்கும் தன்மையதன்று. அது நெஞ்சில் கிடந்தாலும் பெட்டியில் கிடந்தாலும், மாத்திரை தீருமுன் வாங்கப்பட்டதா என்பது ஒன்றே அங்கே கேள்வி.

நம் தரிசனக்காரர்கள் ஞாபகத்தை ஆராய்ந்த வழி இதைவிட நுட்பமானது. பதஞ்சலி ஞாபகத்தைச் சித்த விருத்திகள் ஐந்தில் ஒன்றாகவே வைத்தார். தூக்கத்தையும் பிழையறிவையும் போல, அதுவும் அடங்க வேண்டியவற்றுள் ஒன்று. நையாயிகர்களோ, முன்பே அறிந்ததைத் திரும்பக் காட்டுவதன்றிப் புதிதாக ஒன்றையும் அறிவிக்காத காரணத்தால், ஸ்மிருதிக்குப் பிரமாணம் என்ற பதவியைத் தர மறுத்தார்கள். அவர்கள் கொள்கையில் நமக்கு மிகவும் வேண்டியது இன்னொன்று. அனுபவம் ஆன்மாவில் ஒரு சம்ஸ்காரத்தைப் பதித்துவிட்டுப் போகிறது. அந்தச் சம்ஸ்காரம் தானே எழுவதில்லை. அதைத் தட்டியெழுப்ப உத்போதகம் ஒன்று வேண்டும். அந்த உத்போதகங்கள் எவையெவை என்று நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் இருபதுக்கும் மேற்பட்டவற்றை எண்ணிச் சொல்கிறது. மனத்தை ஒருமுகப்படுத்துவது, அடையாளம், ஒப்புமை, தொடர்பு, பிரிவு, சுகம், துக்கம், விருப்பு, வெறுப்பு, அச்சம், தர்மம் என்று அந்த வரிசை நீள்கிறது.

இக்கொள்கையின்படி பார்த்தால், தானாக நினைவு வந்தது என்று நாம் சொல்வதெல்லாம் எதனால் நினைவு வந்ததென்று கவனிக்கத் தவறிய நினைவுகளேயாகும். தெருவில் யாரோ ஒரு முதியவர் செருமியபடி நடந்ததும், மாவிலையின் வாசனையும், மேகம் மூடிய ஒரு காலையும் தந்தையை நினைவூட்டலாமென்றால், அவர் பெயரெழுதிய கார்டு நினைவூட்டுவதில் மட்டும் இழுக்கு எப்படி வரும்? முன்னவை தற்செயலாக வாய்த்த உத்போதகங்கள்; கார்டோ, நாம் மறக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, மறக்க விரும்பாத ஒருவன் தன் கையால் வைத்துக்கொண்ட உத்போதகம். தற்செயலுக்குத் தருகிற மதிப்பை முயற்சிக்குத் தர மறுப்பது நியாயமாகாது.

மேலும், தானாக நினைப்பதன் பெருமையைப் பேசுகிறவர்களுள் பலருக்கு உத்போதகம் ஒன்று வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். நாளை அமாவாசை என்றும், வருகிற வெள்ளி மாமனாரின் திதி என்றும், சின்னவனுக்குப் பள்ளிச் சம்பளம் கட்ட இன்னும் இரண்டு நாளே இருக்கிறதென்றும், அடுக்களையிலிருந்து ஒரு குரல் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தது. பால்காரன் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு போட்டவளும், மறக்கக்கூடாததற்கு முந்தானையில் முடிச்சுப் போட்டவளும் அவளே. குடும்பம் முழுவதன் ஞாபகத்தையும் ஒரு தலையில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் இலேசான தலையோடு பக்தியைப் பற்றியும் பாசத்தைப் பற்றியும் பேசி வந்திருக்கிறோம். அவள் நோயுற்றுப் படுத்த வாரத்தில் பருப்பு எந்த டப்பாவில் என்பது முதல் பெரியவரின் மருந்து வேளை வரையில் ஒன்றும் தெரியாமல் வீடு திகைத்து நின்றதைப் பல இல்லங்களில் பார்க்கலாம். அந்தத் திகைப்புக்குக் காரணம் பாசக் குறைவல்ல, பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமைதான். பெட்டியில் இருப்பதை மகனும் படிக்கலாம், மருமகனும் படிக்கலாம், பத்து வயதுப் பேத்தியும் படிக்கலாம். ஒருவர் நெஞ்சில் மட்டும் இருப்பதை அவரைத் தவிர யாரும் படிக்க முடியாது. பொச்சாவாமை என்ற அதிகாரத்தை வள்ளுவர் பொருட்பாலில், அரசனுக்குரிய குணங்களினிடையே வைத்தார். அரசன் மறந்தால் நாடு துன்புறும் என்பதாலே அவனுக்கு அந்த எச்சரிக்கை. வீட்டில் அந்த எச்சரிக்கைக்குரியவர் ஒருவரல்லர், எல்லோருமே என்பது என் எண்ணம். கார்டுப் பெட்டியை நான் ஆதரிப்பதற்கு எல்லாக் காரணங்களிலும் பெரிய காரணமும் இதுவே.

எனினும் எழுதத் தகாதவை உண்டு. வள்ளுவரே, நன்றியை மறவாதிருக்கச் சொன்ன அதிகாரத்தில், ஒருவர் செய்த தீங்கை அன்றைக்கே மறந்துவிடச் சொல்லியிருக்கிறார். நினைவின் அறமும் மறதியின் அறமும் அவருக்கு ஒன்றையொன்று தழுவி நிற்பவை. சம்பந்தி வீட்டார் எந்த விசேஷத்துக்கு வரவில்லை, அண்ணன் பாகப்பிரிவினையில் என்ன சொன்னார் என்பதை எழுதிய கார்டு ஒன்று பெட்டிக்குள் புகுமானால், அது மற்றெல்லாக் கார்டுகளையும் கெடுத்துவிடும். மொய் நோட்டைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கல்யாணத்திலும் காதுகுத்திலும் வந்த பணத்தை ஊரும் பேரும் தொகையுமாக எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் குறையாமல் திருப்பிச் செய்கிற வழக்கத்தால் எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் சுபகாரியங்கள் நடந்திருக்கின்றன. அதைப் பழிக்க நான் துணிய மாட்டேன். ஆனால் நாம் வாங்கியதை எழுதும் பக்கமும் நாம் கொடுத்ததை எழுதும் பக்கமும் ஒரே மதிப்புடையவையல்ல. வாங்கியதை எழுதுவது நன்றி; கொடுத்ததை எழுதி வைத்து எதிர்பார்ப்பது வேறொன்று. முன்னதற்கு மட்டுமே பெட்டியில் கார்டு வைக்கலாம் என்பேன்.

மனிதர்களைப் பற்றிய கார்டுகளையும் சிலர் வெறுக்கிறார்கள். மூட்டுவலியால் வெளியே வர முடியாத சித்தியைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தால், சித்தியை ஒரு தவணையாக்கிவிட்டோம் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தில் அறவே உண்மையில்லை என்று சொல்ல மாட்டேன். செய்தாயிற்று என்று கார்டைப் பின்னுக்குத் தள்ளுகிற திருப்தி, செய்ததில் மனம் இருந்ததா என்ற கேள்வியை விழுங்கிவிடக்கூடும். கார்டு நம்மைச் சித்தியின் வீட்டு வாசலில் கொண்டுவிடும். அங்கே உட்கார்ந்து அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது கார்டின் வேலையன்று. ஆனால் எழுதி வைக்காததால் போகாமலேயிருந்து, போகாததற்காக மனம் மட்டும் நொந்துகொண்டிருக்கிற அன்பால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம், எழுதியவர் ஒருவரே, படிக்கிறவரும் அவரே என்ற அளவில் எளிது. கடினமான நிலை இனி வருகிறது. முதுமையில் ஞாபகம் முற்றும் தேய்ந்துபோன ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். பெட்டியிலுள்ள கார்டுகளில் பாதி அவள் கையெழுத்து. கணவரின் திதிக்கு என்னென்ன வேண்டுமென்று, பிரண்டை, பாகற்காய், வாழைக்காய், மிளகாய்க்குப் பதில் மிளகு என்று அவள் எழுதிய கார்டும் அங்கே இருக்கிறது. இன்று அவளுக்குத் திதியும் தெரியாது, கணவரின் பெயரும் தெரியாது. மருமகள் அக்கார்டை எடுத்து அதன்படி எல்லாவற்றையும் செய்கிறாள்; மகன் பிண்டம் வைக்கிறான்; தாய் ஓர் ஓரத்தில் இது இன்னதென்று அறியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அம்மாள் தன் கணவரை நினைத்தாளா, இல்லையா?

நையாயிகரைக் கேட்டால் இல்லையென்றுதான் சொல்வார். ஒருவன் கண்டதை மற்றொருவன் நினைவுகூர முடியாது என்பது அவருடைய உறுதியான கொள்கை; அதைக் கொண்டே கண்டவனும் நினைப்பவனும் ஒருவனாகிய ஆன்மா உண்டென்று அவர் நிறுவுகிறார். அறிவாகிய ஸ்மிருதிக்கு இக்கொள்கை முற்றும் பொருந்தும். மருமகள் தன் மாமனாரைக் கண்டதேயில்லை என்றால், மாமியாரின் நினைவுகள் அவளுக்கு வரப்போவதில்லை. ஆனால் கடனாகிய நினைவுக்கு இது பொருந்துமா? பிறக்கும்போதே மனிதன் ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பிதுர்க்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்று தைத்திரீய சம்ஹிதை கூறுகிறது. அந்தக் கடனை அவன் கேட்டு வாங்கவில்லை. வாங்கிய நாளை அவன் அறியான். ஆயினும் தீர்க்க வேண்டியவன் அவனே. தான் காணாததற்குக் கடமைப்படுவது இவ்வாறு மனிதனுக்கு இயல்பென்றால், ஒருவர் எழுதி வைத்ததை மற்றொருவர் எடுத்து முடிப்பதும் முதலாமவரின் காரியத்தின் தொடர்ச்சியே ஆகும்.

வைஷ்ணவப் பெரியோர் இந்த இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். அந்திம காலத்தில் எதை நினைத்துக்கொண்டு உடலை விடுகிறானோ அதையே அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் சொல்கிறது. அவ்வேளையில் நினைவே இல்லாமற்போனால் என்ன செய்வதென்ற கவலை பெரியாழ்வாரைப் பற்றிக்கொண்டது. அவர் திருவரங்கத்துப் பெருமானிடம், அந்த இளைப்பு வருகிற நேரத்தில் தம்மால் நினைக்க முடியாதென்றும், அதனால் நினைவுள்ள இப்பொழுதே சொல்லி வைப்பதாகவும் விண்ணப்பித்துக்கொண்டார். சொல்லி வைத்தல் என்றால் முன்னதாகவே பதிவு செய்தல். மூன்று சரம சுலோகங்களுள் ஒன்றாக ஓதப்படும் வராஹ சரமத்தில் அவ்விண்ணப்பத்துக்குரிய விடை இருக்கிறது: மனமும் உடலும் நிலையாக இருந்த காலத்தில் தன்னை நினைத்தவன் பின்பு கட்டையைப் போலவும் கல்லைப் போலவும் கிடக்கும்போது, அவன் தன்னை நினைக்க வேண்டுமென்று பகவான் எதிர்பார்ப்பதில்லை, தானே அவனை நினைத்து நற்கதிக்குக் கொண்டு செல்வதாக பூமிப்பிராட்டிக்கு வாக்களிக்கிறான். நினைவிருந்த போது செய்த ஒரு பதிவை நினைவற்ற போதும் செல்லும் என்று ஒப்புக்கொண்டு, நினைக்கிற வேலையை மற்றவர் ஏற்றுக்கொள்வதே அங்கே அருளின் இலக்கணமாக இருக்கிறது.

ஆகவே அந்த அம்மாள் நினைத்தாள் என்றே நான் கொள்கிறேன். கையில் வலுவும் நெஞ்சில் தெளிவும் இருந்தபோது, பிரண்டையும் பாகற்காயும் என்று அவள் எழுதி வைத்தது அன்றைய ஒரு சமையலுக்காக மட்டும் அன்று. தன்னால் இயலாத ஆண்டுகளுக்கும் சேர்த்தே எழுதினாள். அக்கார்டை மருமகள் இவ்வாண்டு எடுத்ததில் மாமியாரின் நினைவு எவ்வளவு, மருமகளின் நினைவு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட தர்க்க சாஸ்திரம் முயலட்டும். பிதுர்க்களுக்கு அந்தப் பிரிவினை வேண்டியதில்லை. உரிய திதியில், அபராஹ்ணத்தில், எள்ளும் நீரும் தங்களை வந்தடைந்தனவா என்பது ஒன்றே அவர்களுக்கு வேண்டியது.